துறைமுகக் குமாஸ்தாவும் ஓ.எம்.ஆர். இன்ஜினீயரும்

1912 மார்ச் 1. சென்னைத் துறைமுகக் கழகத்தின் கணக்குப் பிரிவில் 24 வயது இளைஞர் ஒருவர் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். மாதச் சம்பளம் 30 ரூபாய். கல்லூரித் தேர்வில் தேறவில்லை. கல்யாணம் ஆகிவிட்டது. அதற்குச் சற்று முன்புதான் அக்கவுண்டன்ட் ஜெனரல் ஆபீஸில் 20 ரூபாய்க்குக் கொஞ்ச நாள் தற்காலிக வேலை பார்த்திருந்தார். பகலில் துறைமுகத்தின் வரவு செலவு, மீதி நேரமெல்லாம் தன் சொந்த நோட்டில் வேறொரு கணக்கு. அவர் பெயர் சீனிவாச ராமானுஜன்.

ராமானுஜன் என்றாலே பேச்சு 1729 என்ற எண்ணுக்கும் அவர் கும்பிட்ட நாமகிரித் தாயாருக்கும் போய்விடுகிறது. சுமார் 14 மாதம் அவர் ஓர் அலுவலக ஊழியர், மேலதிகாரிக்குக் கீழே உட்கார்ந்து சம்பளத்துக்கு வேலை பார்த்தவர் என்பது கதையின் ஓரத்தில் கிடக்கிறது. சோழிங்கநல்லூரிலும் சிறுசேரியிலும் இன்று லேப்டாப்போடு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு, அந்த 14 மாதத்தில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. அவருடைய மேதைமை யாருக்கும் வராது. ஆனால் அந்த வேலைக்கு எப்படி வந்து சேர்ந்தார், அங்கிருந்து எப்படி வெளியேறினார் என்பதில் மேதைமை மட்டுமில்லை. விடாமல் கதவைத் தட்டிய ஒரு சாதாரண மனிதரின் உழைப்பும் இருக்கிறது.

முதலில் அவர் போய்ப் பார்த்தது திருக்கோவிலூரில் டெபுடி கலெக்டராக இருந்த வி. ராமசாமி ஐயரை. இந்தியக் கணிதக் கழகத்தை 1907இல் தொடங்கியவர் அவர். அவரிடம் ராமானுஜன் நோட்டைக் காட்டி ஒரு குமாஸ்தா வேலை கேட்டார். ராமசாமி ஐயர் வேலை தரவில்லை. சென்னையில் இருந்த சேஷு ஐயருக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். சேஷு ஐயர் நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவிடம் அனுப்பினார். ராவ் கொஞ்ச காலம் தன் பணத்திலிருந்து மாதம் 25 ரூபாய் கொடுத்துவந்தார். பிறகுதான் துறைமுகம். 1912 பிப்ரவரி 9 தேதியிட்ட விண்ணப்பத்தோடு பிரசிடென்சி கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட்டின் பரிந்துரையும் இருந்தது. மூன்று வாரத்தில் வேலை கிடைத்தது.

ஒருவர் கை காட்ட இன்னொருவர், அவர் கை காட்ட மற்றொருவர். இவர்களில் யாரும் அவருக்குச் சொந்தமோ நெருங்கிய நண்பரோ இல்லை. இந்தச் சங்கிலியைப் பிறகு பார்ப்போம். முதலில் சென்னையின் ஐ.டி. சாலையான ஓ.எம்.ஆருக்கு வருவோம்.

தரமணியில் டைடல் பார்க் திறந்தது 2000 ஜூலையில். அதன்பின் கால் நூற்றாண்டில் அந்தச் சாலை ஒரு தலைமுறைக்கே சோறு போட்டிருக்கிறது. வீட்டில் முதல் பட்டதாரியாக வந்த பிள்ளைகள் அப்பாவின் கடனை அடைத்தார்கள், தங்கைக்குக் கல்யாணம் செய்தார்கள், ஊரில் மாடி எழுப்பினார்கள். இதைக் குறைத்துப் பேசுவது நன்றி கெட்ட காரியம். ஆனால் அதே சாலையில் மார்ச், ஏப்ரலில் அப்ரைசல் வரும்போது பெரிய பெரிய ஆட்களே முகம் வாடிப் போவதையும் பார்க்கலாம்.

மீட்டிங் ரூமில் அந்த உரையாடல் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது: "உங்க ஒர்க் நல்லாத்தான் இருக்கு. உங்களுக்காக நான் ஃபைட் பண்ணேன். ஆனா கர்வ்ல ஃபிட் பண்ண வேண்டியிருக்கு. அடுத்த சைக்கிள்ல பார்க்கலாம்." இருபது நிமிடத்தில் ஒரு வருட உழைப்பு முடிந்துபோகிறது. வெளியே வந்தவர் கேன்டீனில் டீ ஆறிப்போவதுகூடத் தெரியாமல், 'நாம அவ்வளவுதானா?' என்று உட்கார்ந்திருக்கிறார்.

அந்த கர்வ் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் பாதி பாரம் இறங்கும். ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தை 1981 முதல் 2001 வரை நடத்திய ஜாக் வெல்ச், ஊழியர்களில் மேல் 20, நடு 70, கீழ் 10 சதவீதம் என்று பிரித்து, கீழே உள்ளவர்களை வெளியேற்றும் முறையைப் பிரபலமாக்கினார். உலகமே அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. பிறகு பலரும் கைகழுவினார்கள். அடோபி 2012இல் வருடாந்திர ரேட்டிங்கையே விட்டது. மைக்ரோசாஃப்ட் 2013 நவம்பரில் இப்படி வரிசைப்படுத்துவதை நிறுத்தியது. தன் அப்ரைசல் வேலைகளுக்கு மட்டும் வருடத்துக்கு ஏறக்குறைய 20 லட்சம் மணி நேரம் செலவாகிறது என்று டெலாய்ட் கணக்குப் போட்டு, 2015இல் முறையை மாற்றியதை வெளிப்படையாக எழுதியது.

இன்னொரு ஆய்வு, ரேட்டிங் பார்த்துக் கலங்கும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டியது. 2000ஆம் ஆண்டில் ஸ்கலன், மவுன்ட், காஃப் என்ற மூன்று ஆய்வாளர்கள் 4,492 மேனேஜர்கள் பெற்ற மதிப்பீடுகளை அலசினார்கள். மேலதிகாரி, சக ஊழியர், கீழே வேலை பார்ப்பவர் எனப் பலரும் போட்ட மதிப்பெண்கள் அவை. மதிப்பெண் வேறுபாட்டில் 62 சதவீதம், மதிப்பெண் போட்டவரின் சொந்த இயல்பால் வந்தது. வேலை பார்த்தவரின் உண்மையான திறமையால் வந்தது 21 சதவீதம்தான். உங்கள் கையில் இருக்கும் ரேட்டிங் உங்களைப் பற்றிச் சொல்வதைவிட, அதைப் போட்டவரைப் பற்றி அதிகம் சொல்கிறது. அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு இரவெல்லாம் தன்னையே நொந்துகொள்வதில் அர்த்தமில்லை.

நிறுவனம் உங்களைப் பற்றி ஒரு கணக்கு வைத்திருக்கிறது. அது நிறுவனத்தின் தேவைக்காக எழுதப்பட்டது. ராமானுஜன் துறைமுகத்தின் பேரேட்டோடு தன் நோட்டையும் வைத்திருந்தாரே, அதுபோல உங்களுக்கென்று ஒரு கணக்கு உங்கள் கையில் இருக்க வேண்டும். இந்தக் கட்டுரை வலியுறுத்துவது இதைத்தான்.

பேச்சுக்குச் சொல்வதில்லை இது. நிஜமாகவே ஒரு நோட்டு, அறுபது ரூபாய் நோட்டு போதும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் லாக் அவுட் செய்வதற்கு முன் பத்து நிமிடம் உட்கார்ந்து, அந்த வாரம் செய்ததை நான்கு வரியில் எழுத வேண்டும். "டேட்டாபேஸ் வேலை பார்த்தேன்" என்று எழுதினால் ஆறு மாதம் கழித்து எழுதியவருக்கே புரியாது. "ராத்திரி ஓடும் பேட்ச் 4 மணி நேரம் எடுத்தது, காரணம் கண்டுபிடித்து மாற்றினேன், இப்போது 40 நிமிடம். கிளையன்ட் பக்கத்து மேனேஜர் நன்றி சொல்லி மெயில் போட்டார்" என்று எழுத வேண்டும். என்ன சிக்கல், என்ன செய்தோம், என்ன மாறியது, யாருக்குத் தெரியும் என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும். கிளையன்ட்டின் தகவலையும் நிறுவனத்தின் கோடையும் அதில் ஏற்றக்கூடாது. அது குற்றம், வேலையும் போய்விடும். செய்ததை மட்டும் சொந்த வார்த்தையில் எழுதினால் போதும்.

வாரம் நான்கு வரி என்றால் வருடத்துக்கு இருநூறு வரிக்கு மேல். அப்ரைசல் படிவம் நிரப்பும்போது மற்றவர்கள் ஏப்ரலில் உட்கார்ந்து போன ஜூனில் என்ன செய்தோம் என்று மண்டையை உடைத்துக்கொள்ளும் நேரத்தில், நோட்டு வைத்திருப்பவர் பக்கத்தைப் புரட்டினால் போதும். ரெஸ்யூமேவும் இன்டர்வியூவில் சொல்லும் பதிலும் அங்கேயே தயாராக இருக்கும். இதைவிடப் பெரிய லாபம் வேறு. மூன்று மாதம் தொடர்ந்து எழுதிப் பார்த்தால், புதிதாக ஒன்றுமே கற்கவில்லை என்பதும் அந்த நோட்டிலேயே தெரிந்துவிடும். அப்போது ப்ராஜெக்ட் மாற்றம் கேட்க யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை.

1913 ஜனவரி 16ஆம் தேதி ராமானுஜன் கேம்பிரிட்ஜில் இருந்த கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். அதற்கு முன் பேக்கர், ஹாப்சன் என்ற இரண்டு கணித அறிஞர்களுக்கு எழுதியும் பலனில்லை. மூன்றாவது ஆளுக்கு எழுத மனம் வந்ததே, அதுதான் பெரிது. துறைமுகக் கழகக் கணக்குப் பிரிவில் வருடம் 20 பவுண்ட் வாங்கும் குமாஸ்தா என்று நேராகச் சொல்லித்தான் கடிதத்தைத் தொடங்கினார். மற்றதெல்லாம் பக்கம் பக்கமாக அவர் கண்டுபிடித்த தேற்றங்கள். தன்னைப் பற்றிப் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. வருடக்கணக்காக நோட்டில் எழுதி வைத்ததிலிருந்து எடுத்துக் காட்டினார்.

அந்தக் கடிதத்துக்குப் பின்னால் துறைமுகத்தின் இரண்டு மேலதிகாரிகள் இருந்தார்கள். ஒருவர் தலைமைக் கணக்கர் நாராயண ஐயர். அவரே கணிதம் தெரிந்தவர். இன்னொருவர் கழகத்தின் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங். தங்களிடம் குமாஸ்தாவாக இருக்கும் ஒருவன் அந்த நாற்காலியைவிடப் பெரியவன் என்று தெரிந்து, அவன் போவதற்கு வழி செய்தவர்கள் அவர்கள். 1913 மே மாதம் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. வாங்கிக்கொண்டிருந்த சம்பளத்தைப் போல இரண்டரை மடங்கு. இன்று மேனேஜர் நாற்காலியில் இருப்பவர்கள் நாராயண ஐயரை நினைத்துக்கொள்ள வேண்டும். நல்ல ஆள் போய்விடுவானே என்று ப்ராஜெக்ட் மாற்றத்தை அமுக்கி வைப்பவர்கள் நிறைய இருக்கிறார்கள். அது அந்தப் பிள்ளைக்குச் செய்கிற அநியாயம்.

இப்போது, ராமானுஜனை ஒருவர் இன்னொருவரிடம் அனுப்பிய அந்தச் சங்கிலி. மார்க் கிரானவெட்டர் என்ற சமூகவியலாளர் அமெரிக்காவில் பாஸ்டனுக்கு அருகே, வேலை மாறியவர்களிடம் ஓர் ஆய்வு செய்தார். தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில், அந்தத் தெரிந்தவரை அடிக்கடி சந்திப்பவர்கள் 16.7 சதவீதம்தான். எப்போதாவது சந்திப்பவர்கள் 55.6, அபூர்வமாகச் சந்திப்பவர்கள் 27.8 சதவீதம். 1973இல் வந்த இந்தக் கட்டுரை சமூகவியலில் மிக அதிகம் பேசப்பட்டவற்றில் ஒன்று. காரணமும் எளிது. தினமும் சேர்ந்து டீ குடிக்கும் நண்பனுக்கு நமக்குத் தெரிந்ததுதான் தெரியும். முதல் கம்பெனியில் பக்கத்து சீட்டில் இருந்துவிட்டு இப்போது கோயம்புத்தூரில் இருப்பவனுக்குத்தான் நமக்குத் தெரியாத செய்தி தெரியும். ஆகவே வேலை போன பிறகு பழைய நண்பர்களைத் தேடுவதைவிட, வேலை இருக்கும்போதே மாதம் இரண்டு பேருக்குப் போன் போட்டு நலம் விசாரிப்பது நல்லது. எதுவும் கேட்காமல் பேசுகிற பேச்சாக அது இருக்க வேண்டும்.

அடுத்தது பணம். மனநிம்மதியைப் பற்றி எழுதுபவர்கள் தியானத்தைச் சொல்கிற அளவுக்கு பே-ஸ்லிப்பைச் சொல்வதில்லை. இ.எம்.ஐ. கழுத்தை நெரிக்கும்போது மூச்சுப் பயிற்சி எத்தனை நாள் தாங்கும்?

ஆஃபர் லெட்டரில் உள்ள சி.டி.சி.யும் வங்கிக் கணக்கில் விழும் டேக்-ஹோமும் ஒன்றில்லை. சி.டி.சி.க்குள் நிறுவனத்தின் பி.எஃப். பங்கும், பல இடங்களில் கிராஜுவிட்டியும் சேர்ந்திருக்கும். கிராஜுவிட்டி என்று பேசிக் சம்பளத்தில் 4.81 சதவீதம் போட்டிருந்தால், அது மாதாமாதம் வருகிற பணமில்லை. நிரந்தரப் பணியாளர் 5 ஆண்டு முடித்தால் கிடைப்பது. 1972 கிராஜுவிட்டிச் சட்டம் வகுத்த கணக்கு, கடைசி மாத பேசிக்கும் டி.ஏ.வும் சேர்ந்த தொகையை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, வேலை பார்த்த வருடங்களால் பெருக்குவது. 40,000 ரூபாய் பேசிக்கில் 6 வருடம் என்றால் சுமார் 1,38,460 ரூபாய். நாலரை வருடத்தில் கோபத்தில் பேப்பர் போடுகிறவர் இந்தத் தொகையையும் கணக்கில் வைத்துக்கொண்டு கோபப்பட வேண்டும். பி.எஃப். விஷயத்தில் 2014 முதல் யு.ஏ.என். என்ற ஒரே எண் எல்லா வேலைக்கும் தொடர்கிறது. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் பணத்தை எடுத்துச் செலவழிக்காமல் புதிய கணக்குக்கு மாற்றிவிட்டால், முப்பது வயதில் தெரியாத அருமை ஐம்பதில் தெரியும்.

ஆறு மாத வீட்டுச் செலவு தனியாக ஒரு கணக்கில் இருந்தால், மீட்டிங் ரூமில் ஒருவர் பேசும் குரலே மாறிவிடும். பல ஐ.டி. நிறுவனங்களில் நோட்டீஸ் பீரியட் 90 நாள். ராஜினாமா எழுதிக் கொடுக்கச் சொல்லி ஹெச்.ஆர். திடீரென்று கூப்பிட்டால், அங்கேயே கையெழுத்துப் போட வேண்டியதில்லை. "வீட்டில் பேசிவிட்டு வருகிறேன், எழுத்தில் கொடுங்கள்" என்று சொல்லிவிட்டு எழுந்து வரலாம். ஐ.டி. ஊழியர்களுக்கும் தொழிற்சங்கம் அமைக்கும் உரிமை உண்டு என்று தமிழக அரசு 2016இல் தெளிவுபடுத்தியிருக்கிறது. இது ஓ.எம்.ஆரில் பாதிப் பேருக்குத் தெரியாது. வக்கீலிடம் ஒரு மணி நேரம் பேச ஆகும் செலவு, அவசரத்தில் போட்ட கையெழுத்தின் செலவைவிடக் குறைவு.

கம்பெனி கொடுக்கும் மருத்துவக் காப்பீடு கடைசி வேலை நாளோடு முடிந்துவிடும் என்பதும் நினைவிருக்கட்டும். வயதான அப்பா அம்மாவை அதில் மட்டும் நம்பி வைத்திருப்பவர்கள், வேலை இருக்கும்போதே தனியாக ஒரு பாலிசி எடுத்துவிடுவது நல்லது.

இனி உடம்பும் மனமும். வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று இன்ஃபோசிஸ் நிறுவனர்களில் ஒருவரான நாராயண மூர்த்தி 2023 அக்டோபரில் சொன்னார். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் சுப்பிரமணியன் 90 மணி நேரத்தைப் பற்றிப் பேசினார். இதற்கு மாறாக மருத்துவக் கணக்கு ஒன்று இருக்கிறது. உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் சேர்ந்து வெளியிட்டது. வாரம் 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களோடு ஒப்பிட்டால், 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவர்களுக்குப் பக்கவாதம் வரும் ஆபத்து 35 சதவீதமும், இதயநோயில் இறக்கும் ஆபத்து 17 சதவீதமும் அதிகம். நீண்ட வேலை நேரத்தால் 2016ஆம் ஆண்டில் மட்டும் 7,45,000 பேர் இறந்திருக்கிறார்கள் என்பது அவர்களின் மதிப்பீடு. ஒரு நிறுவனத்தைக் கட்டி எழுப்பியவர்கள் தங்கள் சொத்துக்காக உழைத்த நேரத்தை, சம்பளத்துக்கு வந்தவர்களிடம் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

வேலை நேரம் முடிந்தபின் மேலதிகாரியின் அழைப்பை ஏற்காமல் இருக்கும் உரிமையை பிரான்ஸ் 2017இலும் ஆஸ்திரேலியா 2024இலும் சட்டமாக நடைமுறைக்குக் கொண்டுவந்தன. இந்தியாவில் அது தனிநபர் மசோதாவாக மக்களவைக்கு வந்ததோடு நிற்கிறது. சட்டம் வரும்வரை எல்லையை அவரவர்தான் போட வேண்டும். எல்லா நாளும் முடியாது. ரிலீஸ் வாரத்தில் யாராலும் முடியாது. மற்ற நாட்களில், "ஒன்பதுக்கு மேல் அவசரம் என்றால் போன் பண்ணுங்கள், மெசேஜைக் காலையில்தான் பார்ப்பேன்" என்று டீமிடம் முன்கூட்டியே சொல்லிவிடலாம். இப்படிச் சொல்லிப் பார்த்தால் பெரும்பாலான 'அவசரங்களுக்கு' போன் வராது.

கணக்கை ராமானுஜனிடம் தொடங்கியதால், அவர் கதையின் மறுபாதியையும் சொல்லாமல் விடுவது நேர்மையில்லை. 1914 மார்ச் 17ஆம் தேதி அவர் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். அங்கே போர், குளிர், ஒத்துவராத சாப்பாடு, ஒழுங்கில்லாத தூக்கம், தனிமை. 1917இல் நோயில் விழுந்தவர் இரண்டு வருடம் மருத்துவமனைகளில்தான் பெரும்பாலும் கழித்தார். 1918இல் தற்கொலைக்கு முயன்று உயிர் பிழைத்தார் என்பதை ஹார்டி சொல்லக் கேட்டு இயற்பியலாளர் சந்திரசேகர் பதிவுசெய்திருக்கிறார். அந்தச் சமயத்தில்தான் அவருக்கு ராயல் சொசைட்டியின் ஃபெலோ பட்டமும் வந்தது. ஊர் திரும்பி, 1920 ஏப்ரல் 26ஆம் தேதி 32 வயதில் இறந்தார். தன் தொழில் வாழ்க்கையைத் தானே கட்டி எழுப்பிய மனிதர், எழுப்பிய பிறகு அந்நிய ஊரில் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் தவித்தார். புனேவுக்கும் டல்லாஸுக்கும் தனியாகப் போய் ஒற்றை அறையில் நூடுல்ஸ் கிண்டிச் சாப்பிட்டுவிட்டு விடிய விடிய வேலை பார்க்கும் பிள்ளைகளின் பெற்றோர், சம்பளம் ஏறியதா என்று கேட்பதற்கு முன் தூங்கினாயா என்று கேட்க வேண்டும்.

வேலைக்கு வெளியே ஒரு வாழ்க்கை இருப்பவர்களை வேலை அவ்வளவு சுலபத்தில் உடைப்பதில்லை. பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸில் இன்ஜினீயராக இருந்தபடிதான் எழுத்தாளர் சுஜாதா பல நாவல்களும் கதைகளும் எழுதினார். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் உருவான வேலையிலும் அவர் பங்கு பெரியது. எல்லாரும் நாவல் எழுத வேண்டாம். சனிக்கிழமை பெசன்ட் நகர் மணலில் பந்தாடலாம், மிருதங்கம் கற்கலாம், மாடியில் கத்தரிக்காய் போடலாம். ரேட்டிங் போட யாருமில்லாத ஓர் இடம் வேண்டும்.

வேலையால் மனம் வெந்து போகும் நிலையை உலக சுகாதார நிறுவனம் 2019இல் தன் வகைப்பாட்டில் விரிவாக வரையறுத்தபோது மூன்று அடையாளங்களைச் சொன்னது: சக்தி வற்றிப்போதல், வேலைமீது வெறுப்பும் விலகலும், எதையும் உருப்படியாகச் செய்ய முடியவில்லை என்ற நிலை. ஞாயிறு சாயங்காலமே வயிற்றைப் பிசைகிறது, லிஃப்ட்டில் ஏறும்போது அழுகை வருகிறது, குழந்தை கூப்பிட்டால் எரிச்சல் வருகிறது என்றால் அதைச் சோம்பேறித்தனம் என்று திட்டிக்கொள்ள வேண்டாம். டாக்டரைப் பாருங்கள். உடல் நோய்க்குக் கொடுப்பதுபோலவே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. உங்கள் பாலிசியில் கேட்டுப் பாருங்கள்.

டாக்டரிடம் போகத் தயக்கமாக இருந்தால், மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் இருக்கிறது. எண் 14416. கட்டணமில்லை, 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். இந்த எண்ணை இப்போதே போனில் சேமித்து வையுங்கள். உங்களுக்குத் தேவைப்படாமல் போகலாம். பக்கத்து சீட்டில் இருப்பவருக்குத் தேவைப்படலாம்.